கழன்று வந்த செராமிக் மூடி

கேள்வி: எனக்கு 46 வயது. பாம்பனில் ஃபைபர் படகுகளைப் பழுதுபார்க்கிறேன். உடைந்த கீழ்க் கடைவாய்ப்பல்லின் மேல் செராமிக் மூடி ஒட்டினார்கள். எட்டே மாதத்தில் முழுசாகக் கழன்றுவிட்டது. பல்லைச் சுற்றிலும் சீவி கேப் போடலாம் என்கிறார் இன்னொரு மருத்துவர். பழையதையே திரும்ப ஒட்டக் கூடாதா?

பதில்: உடையாமல் கழன்றிருப்பதால் செராமிக் மேல் எனக்குச் சந்தேகமில்லை, ஒட்டின் மேல்தான். உப்பு ஈரம் காயாத படகில் ரெசின் பூசினால் எத்தனை நாள் நிற்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

பல்லிலும் அப்படித்தான். வெளி ஓடான எனாமலில் பாஸ்பாரிக் அமிலம் தடவினால் நுண்ணிய குழிகள் விழும். பிசின் அதற்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். 1955-இல் புனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் காட்டிய வழி இது. உள்ளிருக்கும் டென்டின் ஈரமானது, அங்கே பிடிப்பை அவ்வளவு நம்ப முடியாது. அதனால் பல்லைச் சீவும்போது விளிம்பெங்கும் எனாமல் மிஞ்சுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். பழைய முறைக் கேப் பல்லின் வடிவத்தைப் பற்றிக்கொண்டு நிற்பது. அதற்காகச் சுற்றிலும் சீவினோம். ஒட்டும் மூடிக்கு அவ்வளவு சீவ வேண்டியதில்லை. மெல்லும் பரப்பில் லித்தியம் டைசிலிகேட் என்ற செராமிக் வகைக்கு 1 முதல் 1.5 மி.மீ. இடம் வேண்டும், உள்மூலைகள் மழுங்கியிருக்க வேண்டும். கூர்மூலை இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

கழன்ற துண்டின் உட்புறத்தைப் பாருங்கள். பிசின் அதிலேயே ஒட்டி வந்திருந்தால் பல்லின் பக்கம் பிடிக்கவில்லை: எச்சில் பட்டிருக்கலாம், எனாமல் போதாமல் இருந்திருக்கலாம். எச்சில் படாமலிருக்க வாயில் ரப்பர் விரிப்பு கட்டி ஒட்டினார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். உட்புறம் சுத்தமாக இருந்து பிசின் பல்லிலேயே தங்கியிருந்தால், செராமிக்கை ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும், பிசினோடு இணைக்கும் சிலேன் என்ற திரவமும் கொண்டு சரியாகப் பக்குவப்படுத்தவில்லை என்று கருதலாம். உங்கள் மூடி சிர்கோனியா என்ற வேறு வகைச் செராமிக் என்றால் அந்த அமிலம் பலிக்காது, வேறு முறை வேண்டும்.

அடியில் சொத்தை இல்லாமல், துண்டும் இடைவெளியின்றிப் பொருந்தினால், சுத்தம் செய்து மறுபடி ஒட்டலாம். உடைப்பு ஈறுக்கு வெகு கீழே போயிருந்து எனாமலே இல்லை, உலரவைக்கவும் வழியில்லை என்றால் அந்த மருத்துவர் சொல்வதே சரி. சீவிய எனாமல் திரும்ப முளைக்காது என்பதால், எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அவரிடம் முதலில் கேளுங்கள்.

துண்டைச் சிறு டப்பாவில் போட்டு இந்த வாரமே எடுத்துச் செல்லுங்கள். பட்டறையில் இருக்கிற ரெசினால் நீங்களே ஒட்டிவிடாதீர்கள். கை சும்மா இருக்காது என்று தெரிந்துதான் சொல்கிறேன்.