டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குன்றும் நிலை) உள்ளவரின் நிலையைப் பராமரிப்பாளருக்குப் பயிற்சியால் புரியவைக்க முடியுமா?

பெருமளவு முடியும். ஆனால் அறிகுறிகளைப் பட்டியலிட்டு ஒரு வகுப்பு எடுத்தால் போதாது.

சில பயிற்சிகளில் பராமரிப்பாளருக்கே பார்வையை மங்கலாக்கும் கண்ணாடி, தடித்த கையுறை, இரைச்சல் ஓடும் ஹெட்போன் எல்லாம் மாட்டிவிட்டு, வரிசையாக வேலை சொல்வார்கள். சட்டைப் பொத்தானைப் போடவே திணறும்போது, "அவர் வேண்டுமென்றே செய்கிறார்" என்ற எண்ணம் ஆட்டம் காணும். நல்ல தொடக்கம்தான். ஆனால் கொஞ்ச நேரத்தில் கழற்றி வைத்துவிடலாம் என்பதால், வெறும் பரிதாபத்தோடு நின்றுவிடவும் கூடும்.

என் பார்வையில், நடத்தைக்குப் பின்னால் உள்ள காரணத்தைத் தேடப் பழக்குவதுதான் பயிற்சியின் உயிர். தரையில் கிடக்கும் கறுப்புக் கால்மிதி அவருக்குப் பள்ளமாகத் தெரியலாம். அறைக்குள் வர மறுப்பது அதனால் இருக்கலாம். குளிக்க மறுப்பவர், யாரோ தெரியாத ஆள் தன் உடையைக் கழற்றுவதாக அஞ்சியிருக்கலாம். சொல்லத் தெரியாத வலி கோபமாக வெளிவரும். குழப்பம் திடீரென்று கூடினால் சிறுநீர்த் தொற்று போன்றவை இருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், நம் நடத்தை. அவசரப்படுத்துவது, குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுவது, அவர் எதிரிலேயே அவரைப் பற்றி மற்றவரிடம் சொல்வது போன்றவை ஒருவரை எவ்வளவு குன்றச் செய்யும் என்று பிரிட்டன் உளவியலாளர் டாம் கிட்வுட் விரிவாக எழுதியிருக்கிறார். பயிற்சியில் இதற்குத்தான் அதிக நேரம் தர வேண்டும்.

வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 'ஐசப்போர்ட்' இணையப் பயிற்சி இருக்கிறது. முடிந்தால், டிமென்ஷியாவின் ஆரம்ப நிலையில் உள்ள ஒருவரையே வகுப்பில் பேச அழையுங்கள்.