ஐப்பசியில் குழந்தைகளோடு கொழும்புக்கு வருகிறவருக்கு

ஈரோட்டிலிருந்து எழுதியிருந்தீர்கள். கணவருக்குக் கொழும்பில் வேலை, அக்டோபர் நடுவில் வந்து சேர்கிறீர்கள், மகனுக்கு நாலு வயது, மகளுக்கு ஒன்றரை. "அங்கே அப்போது மழைக்காலமாமே, இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டுமா? நீங்களெல்லாம் எங்கேதான் போவீர்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். கடைசியில் குடையா, ரெயின்கோட்டா என்று ஒரு கேள்வி வேறு. நாங்கள் வேலூர்க்காரர்கள். கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மூத்தவன் கைக்குழந்தையாக வந்தான், இளையவள் இங்கேயே பிறந்தாள். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு அபிப்பிராயங்கள் கொஞ்சம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மழை. அக்டோபரும் நவம்பரும் இங்கே இரண்டு பருவக்காற்றுக்கு இடைப்பட்ட மாதங்கள். தென்மேற்கு ஓய்ந்திருக்கும், வடகிழக்கு இன்னும் நிலைத்திருக்காது. கொழும்பில் மழை கொட்டித் தீர்க்கும் மாதங்களில் இவை இரண்டும் சேர்த்தி. ஆனால் அதற்கு ஒரு நேரம் காலம் உண்டு. காலை பளிச்சென்று விடியும். பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். மதியம் காற்று நின்று புழுங்கும். இரண்டு, மூன்று மணிக்கு வானம் கறுக்க ஆரம்பிக்கும், அப்புறம் இடியும் மின்னலுமாக ஒரு பாட்டம். இருட்டிக் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்து, தவளைச் சத்தம் கேட்கும். தாழ்வு மண்டலம் வந்தால் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும், அது வேறு கதை. மற்ற நாட்களில் மதியச் சாப்பாடு வரைக்கும் பொழுது உங்களுடையது.

இது எனக்கு முதல் வருஷம் தெரியாது. நம் ஊரில் பிள்ளையைக் காற்றாட வெளியே கொண்டுபோவது என்றால் சாயங்காலம்தானே? அதே பழக்கத்தில், வந்த இரண்டாவது வாரம், நாலரை மணிக்குக் காலிமுகத்திடலுக்குப் போனோம். 1859-ல் வெள்ளைக்காரர்கள் அமைத்த கடற்கரைத் திடல். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சாலை, நடுவில் புல்வெளி, பட்டம் விடும் பிள்ளைகள், வண்டிக்கடைகள். இறால் வடையைக் கையில் வாங்கியதும் முதல் சொட்டு விழுந்தது. அடுத்த நிமிஷம் கடல் எங்கே, சாலை எங்கே என்று தெரியவில்லை. அவ்வளவு பெரிய திடலில் ஒதுங்க ஒரு கூரை கிடையாது. வடைக்காரர் தன் வண்டிமேல் போட்ட பிளாஸ்டிக் சீட்டின் ஒரு முனையைத் தூக்கி, சிங்களத்தில் ஏதோ சொல்லி எங்களை உள்ளே இழுத்துக்கொண்டார். அரைமணி நேரம் அவருடைய எண்ணெய்ச் சட்டிக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனுக்கு ஒரே சிரிப்பு. நான்தான் அழுதேன்.

ஆகவே நாளைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே போவது காலை ஏழிலிருந்து பத்துவரை. மதியத்துக்குப் பிறகு வீடு. இது பழகிவிட்டால் ஐப்பசியைப் போல நல்ல மாதம் இல்லை என்பீர்கள்.

காலையில் எங்கே போவது என்றால், எங்கள் வீட்டில் முதல் பதில் ரயில். கோட்டை ஸ்டேஷனிலிருந்து தெற்கே போகும் கரையோரப் பாதை கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை என்று கடலை ஒட்டியே போகிறது. வெள்ளவத்தை ஸ்டேஷனில் நின்றால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பாறையும் அலையும்தான். கல்கிசைக்கு இரண்டே ஸ்டேஷன், கட்டணம் சொற்பம். வார நாட்களில் காலை ரயிலில் ஆபீஸ் கூட்டம் நெரியும், கோட்டைப் பக்கம் போகிற வண்டியில் பிள்ளைகளோடு ஏறவே ஏறாதீர்கள். எதிர்த் திசையில் போகிற வண்டி ஓரளவு காலியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இன்னும் நல்லது, ஆனால் வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தாமல் ஓடும் வண்டி, அதனால் உங்கள் மகனை ஜன்னலோரம் உட்கார வைத்துச் சட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் மகன் சின்ன அட்டை டிக்கெட்டுகளை பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறான், அவனுடைய சொத்து அதுதான்.

கல்கிசையில் இறங்கினால் மணல். மே முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரையில் கடல் மூர்க்கமாக இருக்கும். நீங்கள் வருகிற சமயத்தில் மெல்ல அடங்க ஆரம்பிக்கும். அப்போதும் கணுக்கால் தண்ணீருக்கு மேலே விடாதீர்கள். திரும்பும்போது கரையோரத்தில் ஒரு மரத்தைக் காட்டுங்கள். ஊரில் நாட்டுவாதுமை என்போமே, அதை இங்கே கொட்டம்பா என்கிறார்கள். உதிரும் முன் அதன் இலை ரத்தச் சிவப்பாக மாறும். டொரொண்டோவில் இருக்கும் என் நாத்தனார் ஒவ்வொரு அக்டோபரும் சிவப்பு இலைக்குவியலில் பிள்ளைகள் குதிக்கும் படம் அனுப்புவாள். பதிலுக்கு நான் ஒரு கொட்டம்பா இலையைப் படம் எடுத்து அனுப்புவேன். எங்கள் இலையுதிர்காலம் அவ்வளவுதான்.

விகாரமகாதேவி பூங்கா நகரமண்டபத்துக்கு எதிரே. நிழலும் விளையாட்டு இடமும் உண்டு, ஒன்றரை வயதுக்கு அதுவே போதும். ஆனால் எனக்குப் பிடித்தது கோட்டேயில் இருக்கும் பெத்தகான ஈரநிலப் பூங்கா. (இந்தக் கோட்டே வேறு, ரயில் ஏறும் கோட்டை வேறு. ஆட்டோக்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள், நாங்கள் ஒருமுறை மாறிப் போயிருக்கிறோம்.) கொழும்பைச் சுற்றிச் சதுப்பு நிலம் நிறைய. 2018-ல், ராம்சர் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் முதன்முதலில் பெற்ற ஊர்களில் இதுவும் ஒன்று. மழைத் தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்வது இந்தச் சதுப்புகள்தான், இல்லாவிட்டால் ஊர் இன்னும் மோசமாக மூழ்கும். பெத்தகானவில் மரப்பலகைப் பாதை தண்ணீருக்கு மேலேயே போகும். நீலத் தாழைக்கோழி, நீர்க்காகம், வெயில் காயும் கபரகொய்யா எல்லாம் பார்க்கலாம். கபரகொய்யா என்பது ஆளுயரத்துக்கு வளரும் நீருடும்பு. ஊருக்குள் கால்வாய் ஓரமாகவும் சர்வசாதாரணமாகத் திரியும். முதல் தடவை எங்கள் சந்தில் ஒன்று நடந்து போனபோது நான் கதவைச் சாத்திவிட்டுக் கணவருக்குப் போன் செய்தேன். இப்போது என் மகள் அதற்கு "குட் மோர்னிங்" சொல்கிறாள்.

காலையிலேயே மழை பிடித்துக்கொண்டால் அருங்காட்சியகம். இங்கே நூதனசாலை என்பார்கள். 1877-ல் திறந்த வெள்ளைக் கட்டடம், முன்னால் பெரிய ஆலமரம். கண்டி அரசரின் சிம்மாசனம் அங்கே இருக்கிறது. 1815-ல் வெள்ளைக்காரர்கள் கண்டியைப் பிடித்த பிறகு இங்கிலாந்துக்குப் போய் 1934-ல் திரும்பி வந்தது. அதில் கடைசியாக உட்கார்ந்த ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தது எங்கள் வேலூர்க் கோட்டையில்தான். 1832-ல் அங்கேயே காலமானார், பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் இருக்கிறது. ஊரில் சமாதி, இங்கே நாற்காலி என்று மகனிடம் சொன்னேன். "அப்ப அவர் எதில் இருந்தவர்?" என்று கேட்டான். அதே இடத்தில், சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே காலியில் நட்ட, 1409 தேதியிட்ட கல்வெட்டும் உண்டு, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும். மிருகக்காட்சிசாலை தெகிவளையில். அங்கேயும் நூதனசாலையிலும் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், கொஞ்சம் உறைக்கும்.

மகனுடைய கேள்வியைக் கவனித்தீர்களா? "எதில் இருந்தவர்", உட்கார்ந்தவர் என்பதற்கு. வந்து ஆறு மாதத்தில் உங்கள் பிள்ளைகளும் இப்படித்தான் பேசுவார்கள். நாற்காலி கதிரையாகும், ஷூ சப்பாத்தாகும், நோட்டு கொப்பியாகும், சர்க்கரை சீனியாகும். பேசுவது கதைப்பதாகும். முதலில் எனக்குக் கொஞ்சம் வலித்தது, பிள்ளை நம் பேச்சை விட்டுவிடுகிறானே என்று. இப்போது வேலூருக்குப் போனால் என் அம்மாவிடம் ஒரு மாதிரி, இங்கே கீழ்வீட்டு அன்ரியிடம் ஒரு மாதிரி, இரண்டும் பிசகாமல் பேசுகிறான். அந்த அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர். மூன்று வயதுப் பிள்ளையையும் "வாங்கோ, இருங்கோ" என்றுதான் கூப்பிடுவார். அந்த மரியாதை என் பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொண்டது, எனக்குத்தான் இன்னும் "டேய்" போகவில்லை.

இனி வீடு. மதியம் தூங்கி எழுந்து, வெளியே இடி இடித்துக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதற்காகக் காத்திருப்பார்கள் தெரியுமா? சூன் பாணுக்காக. ரொட்டியும் பன்னும் விற்கும், பின்னால் கண்ணாடிப் பெட்டி கட்டிய ஆட்டோ அது. பாண் என்றால் ரொட்டி. பீத்தோவனின் பியானோ மெட்டு ஒன்றைக் கீச்சுக் குரலில் ஒலித்துக்கொண்டு தெருத்தெருவாக வரும். காலையில் ஒரு தடவை, மூன்றரை, நாலு மணி வாக்கில் ஒரு தடவை. முக்கோணமாக மாலு பாண், உள்ளே மீனும் உருளைக்கிழங்கும். நீளமாக, முதலை மாதிரி, மேலே சீனி தூவியது கிம்புலா பணிஸ். மழை பெய்தால் ஆட்டோக்காரர் வாசல் வரைக்கும் வந்து நிறுத்துவார். என் மகள் பேச ஆரம்பித்தபோது அம்மா, அப்பாவுக்கு அடுத்த சொல் "பாண்". ஊரிலிருந்து வந்த மாமியார் "தினம் பன்னா கொடுக்கிறாய்" என்று கேட்டார். அவரே மூன்றாம் நாள் ஜன்னலில் நின்றார்.

மின்னல் இங்கே நிஜமாகவே பலமானது. வானம் கறுக்கும்போதே, இடி தொடங்கும் முன், டிவி, வைஃபை எல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். துணி காயாது, கடலோர வீடு என்றால் உப்புக்காற்றில் மின்விசிறி முதல் இட்லிப் பானை மூடி வரை துருப்பிடிக்கும். வீடு பார்க்கும்போது கடல் தெரிகிறதா என்று பார்க்காமல், துணி காயப்போட மூடிய பால்கனி இருக்கிறதா என்று பாருங்கள். வாசலில் பால் பாக்கெட் வராது. இங்கே பாதி ஊர் பால்மா கரைத்துத்தான் தேநீர் குடிக்கிறது. தயிருக்குப் பாக்கெட் பாலைத் தேடி வாங்க வேண்டும்.

கொசு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மழை விட்டு வெயில் அடிக்கும் இந்த மாதங்களில் டெங்கு ஏறும். பகலில் கடிக்கும் கொசு அது. நான் பால்கனியில் மணிபிளாண்ட் தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தேன். ஒருநாள் அன்ரி மேலே வந்து குனிந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, உந்தத் தட்டைக் கவிட்டு ஊத்துங்கோ, உதுக்குள்ள புழு நெளியுது. பி.எச்.ஐ. வந்தால் வழக்கு எனக்கெல்லோ" என்றார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்து பார்ப்பது உண்மை, தேங்கிய தண்ணீரில் புழு இருந்தால் நீதிமன்றம் வரைக்கும் போகும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாரசிட்டமால் மட்டும், எடைக்கேற்ற அளவு (கடையில் பனடோல் என்று கேளுங்கள்). ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. காய்ச்சல் நீடித்தால் மூன்றாம் நாளாவது ரத்தம் பார்த்துவிடுங்கள். காய்ச்சல் விட்டதும் அப்பாடா என்று உட்கார்ந்துவிடாதீர்கள், டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்கும். என் மகளுக்கு இரண்டு வயதில் வந்தது. அந்த ஒரு வாரத்தைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை, நன்றாகிவிட்டாள்.

தீபாவளி இங்கே பொது விடுமுறைதான், ஆனால் சத்தம் குறைவு. விடியற்காலை வெடிச் சத்தம் கேட்காதது முதல் வருஷம் என்னவோ போலிருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கேதார கௌரி விரதம் இருந்து அன்றைக்கோ மறுநாளோ காப்புக் கட்டிக்கொள்வார்கள், உங்களுக்கும் பிரசாதம் வரும். கார்த்திகை தீபத்தை விளக்கீடு என்பார்கள், உங்கள் மகன் கையிலும் யாராவது ஒரு சிட்டி விளக்கைக் கொடுப்பார்கள். மாதாமாதம் பௌர்ணமி விடுமுறை. போயா என்பார்கள். அன்று இறைச்சிக் கடை மூடியிருக்கும், முதல் நாளே வாங்கி வையுங்கள். மகனை மொண்டிசூரியில் (பாலர் பள்ளியைத்தான் அப்படிச் சொல்வார்கள்) சேர்ப்பதானால் அவசரப்படாதீர்கள், ஜனவரியில் புது வகுப்பு தொடங்குகிற இடங்கள் நிறைய.

கிரைண்டரைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள், புது அடுக்குமாடிகளில் சதுர முள் பிளக் என்பதால் அடாப்டர் ஒன்று வேண்டும்.

குடையா, ரெயின்கோட்டா? குடை. இந்தப் புழுக்கத்தில் ரெயின்கோட் போட்டால் பிள்ளை மழையில் நனைவதற்கு முன் வியர்வையில் நனைந்துவிடும். ஊரிலிருந்து தூக்கி வராதீர்கள், புறக்கோட்டைக் கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும். பெரியவர்களுக்கு இரண்டு, உங்கள் மகனுக்குச் சின்னதாக ஒன்று. சின்னதை மட்டும் இரண்டாக வாங்குங்கள், ஒன்றை எப்படியும் ரயிலில் விட்டுவிட்டு இறங்குவான்.