கோல் போடாதவன் கணக்கு (வாசகர் கடிதம்)

அன்புள்ள சார்,

சுரங்க ஊர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் சுவீடனின் கிருணாவைச் சொல்லும்போது, "ஐஸ் ஹாக்கி வீரர் போர்யே சால்மிங் இந்த ஊர்க்காரர்தான்" என்று போகிற போக்கில் ஒரு வரி வந்தது. எங்கள் வீட்டில் அது ஏற்கெனவே அடிபடுகிற பெயர். அக்கா குடும்பம் டொராண்டோவில், ஸ்கார்பரோவில் இருக்கிறது. அக்கா மகனுக்குப் பதின்மூன்று வயது. ஐஸ் ஹாக்கியில் டிஃபென்ஸ் ஆடுகிறான். அவன் அறைச் சுவரில் சால்மிங் படம்தான்.

என் அப்பா மேக்னசைட் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு ஞாயிறும் பேரனிடம் போனில் முதல் கேள்வி, "எத்தனை கோல் போட்டே கண்ணு?" அவன், "நான் டிஃபென்ஸ் தாத்தா" என்பான். அடுத்த ஞாயிறும் அதே கேள்வி. போன வாரம் பையன் ஒன்றும் பேசாமல் போனை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

சால்மிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள். கோல் போடாதவனுக்கு அந்த ஆட்டத்தில் என்னதான் பேர் கிடைக்கும்? இன்னொன்று, ஜூலையில் பையன் ஒரு மாதம் சேலம் வருகிறான். பயிற்சி விட்டுப்போகக் கூடாதாம். இந்த ஊரில் என்ன செய்வது?

அழகாபுரத்திலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் அவர் பார்த்திருக்கக்கூடிய ஆட்டம் கபடி. அதில் பிடித்துப் போடுகிறவனுக்கும் புள்ளி உண்டு; ரைடு போகிறவனுக்குச் சமமாக அவனையும் தோளில் தூக்குவார்கள். ஐஸ் ஹாக்கியில் தடுத்ததற்குப் புள்ளி கிடையாது. அதனால் அவர் கேட்பது நியாயமான கேள்விதான். பேரனிடம் அதற்குப் பதில் இல்லை, அவ்வளவுதான் சிக்கல்.

சால்மிங் 1951இல் பிறந்தார். கிருணா ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கிறது. டிசம்பரில் சில வாரங்கள் சூரியனே எழாத ஊர். ஊர் இருப்பதே இரும்புத் தாதுவுக்காக. நம் கஞ்சமலையில் இருப்பதும் அதே மேக்னடைட் வகைதான், தரம் குறைவு. கிருணாவில் பூமிக்கடியில் வெட்டி வெட்டி மேலே நிலம் இறங்கத் தொடங்கியதால் ஊரையே நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். பழைய மரத் தேவாலயத்தை அப்படியே சக்கர வண்டியில் ஏற்றி 5 கிலோமீட்டர் தள்ளி வைத்தது 2025 ஆகஸ்டில். சால்மிங்கின் அப்பா ஸாமி பழங்குடி வழி வந்தவர், அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். மகனுக்கு ஐந்து வயதாகும்போது சுரங்க விபத்தில் இறந்துபோனார். உங்கள் அப்பாவுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அண்ணன் ஸ்டிக்கும் ஹாக்கி வீரர். அண்ணன் தம்பி இருவருமே தெற்கே யேவ்லே ஊரின் ப்ரினேஸ் அணிக்கு ஆடினார்கள். 1971, 1972 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் அந்த அணி சுவீடன் சாம்பியன். அப்புறம் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு ஆள் தேடுகிற ஜெர்ரி மெக்னமாரா அங்கே வந்தார். வந்தது ஒரு கோல்கீப்பரைப் பார்க்க. பார்த்துவிட்டுப் போனது சால்மிங்கையும் ஹாம்மர்ஸ்ட்ரோம் என்ற முன்வரிசைத் தாக்குதல் ஆட்டக்காரரையும். 1973இல் இருவரும் டொராண்டோவுக்கு ஆடப் போனார்கள்.

வட அமெரிக்க லீக்கில் ஆடிய முதல் சுவீடன்காரர் சால்மிங் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை. 1965இலேயே உல்ஃப் ஸ்டெர்னர் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு நான்கு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பியிருந்தார். சால்மிங் செய்தது வேறு: போனார், தாக்குப்பிடித்தார். அந்தக் காலத்தில் ஐரோப்பியர்கள் என்றால் அடிக்குப் பயப்படுகிறவர்கள் என்பது அங்கே தீர்மானமான எண்ணம். "கோழை சுவீடன்காரன்" என்று மைதானத்திலேயே கத்துவார்கள். மட்டையால் குத்துவார்கள், முழங்கையை முகத்தில் விடுவார்கள். சொந்த அணியின் முதலாளியே ஹாம்மர்ஸ்ட்ரோமைப் பற்றி, சட்டைப் பையில் முட்டைகளை வைத்து மூலைக்கு அனுப்பினாலும் ஒன்றும் உடையாது என்று கிண்டல் செய்தவர். மோதமாட்டான் என்று அர்த்தம்.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு வர வேண்டும். டிஃபென்ஸ் ஆடுகிறவனின் வேலை என்ன? ஓர் அணிக்கு ஒரே நேரத்தில் பனித்தளத்தில் ஆறு பேர். அதில் கோல்கீப்பர் போக இரண்டு பேர் தடுப்பாட்டம். எதிராளி முழு வேகத்தில் நேராக வருகிறான். தடுப்பவன் அவன் முகத்தைப் பார்த்தபடியே, கிட்டத்தட்ட அதே வேகத்தில் பின்னோக்கிச் சறுக்க வேண்டும். முதுகுப் பக்கம் தன் கோல் எங்கே இருக்கிறது என்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்திருக்க வேண்டும். கோலுக்கு நேர் முன்னால் இருக்கும் இடத்தை விடாமல், எதிராளியைப் பலகைச் சுவர் ஓரமாக ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். அதற்குமேல் பக். இறுகிய ரப்பர் வட்டு, சுமார் 170 கிராம், துள்ளாமல் இருப்பதற்காக ஆட்டத்துக்கு முன் உறைய வைத்து எடுப்பார்கள். அது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் கோலை நோக்கி வரும்போது இடையில் உடம்பைக் கொடுக்க வேண்டும்.

சால்மிங் உடம்பைக் கொடுத்தார். இன்றைக்கு இருக்கிற மாதிரி தடித்த கவசங்கள் இல்லாத காலத்தில், ஷாட் அடிக்கிறவன் முன்னால் சரிந்து விழுந்து பக்கை நெஞ்சிலும் காலிலும் வாங்கினார். கைகலப்பில் முந்திக்கொண்டு இறங்காதவனைக் கோழை என்றார்கள். ஓடிவருகிற பக்குக்கு முன்னால் படுக்கிறவனை என்னவென்று சொல்வது? எனக்கு அவரிடம் பிடித்தது இதுதான். அந்தக் கூச்சலுக்கு அவர் அதே பாஷையில் பதில் சொல்ல அவசரப்படவில்லை. தன் வேலையைச் செய்தார்.

ஆனால் அந்த வேலையை யாரும் எண்ணவில்லை. தடுத்த ஷாட்களை லீக் அன்றைக்குக் கணக்கில் எடுக்கவே இல்லை, பல வருடம் கழித்துத்தான் தொடங்கினார்கள். அவர் எத்தனை ஷாட்டைத் தடுத்தார் என்று எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

எண்ணியதையும் சொல்லிவிடுகிறேன், அப்பாவுக்கு உதவும். ஒரு கோல் விழுந்தால் அதற்கு முன் பக்கைத் தள்ளிக் கொடுத்த இரண்டு பேர் வரைக்கும் பெயர் எழுதுவார்கள், 'அசிஸ்ட்' என்று. லீஃப்ஸ் அணிக்காக 16 பருவம், 1,099 ஆட்டம் ஆடிய சால்மிங் போட்ட கோல் 148. அசிஸ்ட் 620. அந்த அணியின் வரலாற்றில் அசிஸ்ட் கணக்கில் இவர்தான் முதலிடம், முன்வரிசைத் தாக்குதல் ஆட்டக்காரர்களையும் சேர்த்து. பின்னால் நின்றவன் தடுத்ததோடு நிற்கவில்லை, அங்கிருந்தே தாக்குதலைத் தொடங்கியும் வைத்தான் என்று அர்த்தம்.

1976 கனடா கோப்பையில் டொராண்டோவில் கனடாவுக்கு எதிராகச் சுவீடன் ஆடியது. வீரர்களை அறிமுகம் செய்யும்போது சால்மிங் பெயரைச் சொன்னதும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. வந்தவர்கள் கனடா ஜெயிக்க வேண்டும் என்று டிக்கெட் வாங்கியவர்கள்! கனடாதான் ஜெயித்தது.

இதை வைத்து, உழைத்தால் எல்லாம் வந்து சேரும் என்று பையனிடம் சொல்லிவிடாதீர்கள். லீக்கின் சாம்பியன் அணிக்குத் தருகிற ஸ்டான்லி கோப்பை சால்மிங்குக்குக் கிடைக்கவே இல்லை. சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் விருதிலும் 1977, 1980 என்று இரண்டு முறை இரண்டாவது இடம். அணியின் முதலாளி ஹரால்ட் பல்லார்ட் மோசடி வழக்கில் 1972இல் தண்டனை பெற்றவர். நல்லதாகச் சேர்ந்திருந்த ஓர் அணியை வீம்புக்காகவே கலைத்துப் போட்டார். 1979 டிசம்பரில் சக வீரர் லானி மெக்டொனால்டை வேறு அணிக்கு அனுப்பியதும், கேப்டன் டாரில் சிட்லர் தன் சட்டையில் கேப்டனுக்கு அடையாளமாக இருந்த 'C' எழுத்தை எடுத்துவிட்டார். சால்மிங் 1989 வரை அங்கேயே இருந்தார். இதை விசுவாசம் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது வயிற்றெரிச்சல்தான். நல்ல நிர்வாகம் இருந்த அணியில் அவர் ஆடியிருக்க வேண்டும்.

சுவரில் படம் ஒட்டியவனுக்கு முழு ஆளையும் தெரிந்திருப்பது நல்லது. முன்பொரு காலத்தில் கோகெய்ன் எடுத்துப் பார்த்ததாக 1986இல் அவரே ஒரு பேட்டியில் சொல்லி, எட்டு ஆட்டம் தடை வாங்கினார். அதே வருடம் நவம்பரில் கோல் முன் நடந்த நெரிசலில் விழுந்தபோது ஒருவருடைய ஸ்கேட் தகடு தெரியாமல் முகத்தைக் கிழித்தது. 200க்கும் மேல் தையல். பிறகும் ஆடினார். சுவீடனுக்குத் திரும்பிய பின், 1992 குளிர்கால ஒலிம்பிக்கில் நாற்பது வயதில் நாட்டுக்காக இறங்கினார். ஆட்டம் முடிந்ததும் தன் பெயரிலேயே உள்ளாடை வியாபாரம். திருப்பூரில் பிறந்திருந்தாலும் பிழைத்திருப்பார். 2022இல் தசைகளைச் செயலிழக்க வைக்கும் ஏ.எல்.எஸ். நோய் வந்தது. நவம்பரில் டொராண்டோ வந்தபோது பேச முடியவில்லை. கூட்டத்தை நோக்கிக் கை அசைக்க, அவர் கையைத் தூக்கிப் பிடித்தவர் சிட்லர். சுமார் இரண்டு வாரத்தில் காலமானார்.

இனி அப்பாவிடம் சொல்ல வேண்டியது. "எத்தனை போட்டே?" என்பதை விட்டுவிட்டு, "நீ உள்ளே நின்னப்போ அவங்க எத்தனை போட்டாங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு நிஜமாகவே அந்த ஆட்டத்தில் உண்டு. ஒருவன் தளத்தில் இருக்கும்போது தன் அணி போட்டதையும் எதிரணி போட்டதையும் கழித்துப் பார்ப்பார்கள், பிளஸ்-மைனஸ் என்று பெயர். பையன் போனைக் கீழே வைக்கவே மாட்டான் என்பது என் கணிப்பு.

ஜூலை விஷயம். பனிக்கு நம்மிடம் வழியில்லை, நம் நாட்டில் இந்த ஆட்டத்துக்கு லடாக்தான் வீடு. ஆனால் வரிசைச் சக்கரம் வைத்த இன்லைன் ஸ்கேட் ஒரு ஜோடி கொண்டுவரச் சொல்லுங்கள். சமமான சிமெண்டுத் தளம் ஒன்று கிடைத்தால் போதும். அதிகாலையில் வெயில் ஏறுவதற்குள் பின்னோக்கிச் சறுக்குவதை மட்டும் பழகட்டும். பக் வேண்டாம், டென்னிஸ் பந்து போதும். ஹெல்மெட், முழங்கால் கவசம் இல்லாமல் இறக்காதீர்கள். கழுத்துப் பட்டை அங்கே சிறுவர்களுக்குக் கட்டாயம், அதை அவனே சொல்வான். பையன் கேட்டான் என்று ஏற்காடு மலைப்பாதைக்கு மட்டும் கூட்டிப் போய்விடாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, மேலிருந்து பஸ் வரும்.