ரேங்க் 400: டென்னிஸில் சோறு கிடைக்குமா? (கேள்வி பதில்)

ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) போட்டிகளில் சில வருஷம் ஆடிவிட்டு இப்போது சென்னையில் கோச்சாக இருக்கிறேன். ரேங்க் 100-க்கு வெளியே இருப்பவர்களின் பிழைப்பைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பாதிப் பேர் கேட்டார்கள்.

எம்15 போட்டியில் ஜெயித்தால் எவ்வளவு கிடைக்கும்? (திருப்பூர்)

எம்15 என்பது ஐடிஎஃப் நடத்தும் அடிமட்ட ஆண்கள் போட்டி. மொத்தப் பரிசே 15,000 டாலர்தான். ஒற்றையர் சாம்பியனுக்கு 2,160 டாலர். முதல் சுற்றில் தோற்றால் 156 டாலர், நம் காசில் 13,000 ரூபாய் சொச்சம். பல நாடுகளில் வரியையும் அதிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

துனிசியாவின் மொனாஸ்டிர், துருக்கியின் அன்டால்யா மாதிரி ஊர்களில் வாராவாரம் எம்15 நடக்கும். செவ்வாய்க்கிழமை தோற்றவன் அடுத்த போட்டி வரை அதே ஹோட்டலில் கிடப்பான். வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ரூமை இன்னொரு பிளேயரோடு பங்கு போட்டுக்கொள்வார்கள். ராத்திரி ஒரே ரூமில் தூங்கி எழுந்து காலையில் எதிரெதிரே ஆடுவதும் உண்டு. ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடும் கூலியை மிச்சம் பிடிக்க மெஷினையே தூக்கிக்கொண்டு அலைபவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியின் டஸ்டின் பிரவுன் வேனிலேயே குடியிருந்து ஐரோப்பா முழுக்கப் போட்டிகளுக்குப் போனவர். மற்ற பிளேயர்களுக்கு ஸ்ட்ரிங் போட்டும் சம்பாதித்தார். 2015 விம்பிள்டனில் நடாலைத் தோற்கடித்தவர் அவர்தான்.

வருஷத்துக்கு என்ன செலவாகும்? (மதுரை)

சுமித் நாகல் 2023-ல் வெளிப்படையாகவே சொன்னார்: கூட ஒரே ஒரு கோச், பிசியோ கிடையாது, அதற்கே 80 லட்சம் முதல் ஒரு கோடி. அப்போது அவர் ரேங்க் 159, இந்தியாவில் முதலிடம், பேங்கில் இருந்தது 900 யூரோ. நாலே மாதத்தில் ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்து, அந்தப் போட்டியின் 31-ம் சீட் புப்லிக்கை வீழ்த்தினார். இரண்டாம் சுற்றில் தோற்றாலும் 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது. ஒரே வாரத்தில் ஒரு வருஷச் செலவு வந்துவிட்டது.

கிராண்ட்ஸ்லாமில் (ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, அமெரிக்க ஓபன்கள், விம்பிள்டன்) 128 இடம். ரேங்கை வைத்து நேராக உள்ளே போவது சுமார் 104 பேர். 2025 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவருக்கே 66,000 பவுண்டு. தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கு 15,500. ரேங்க் 98-க்கும் 112-க்கும் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. பர்ஸில்தான் இருக்கும்.

சங்கம் எதுவும் உதவாதா? (ஈரோடு)

ஆண்கள் டென்னிஸை நடத்தும் ஏடிபி 2024-ல் குறைந்தபட்ச வருமானத் திட்டம் கொண்டுவந்தது. முதல் 100 ரேங்குக்கு 3 லட்சம் டாலர், 175 வரை ஒன்றரை லட்சம், 250 வரை 75,000. சம்பாத்தியம் அதற்குக் குறைந்தால் மீதியைக் கொடுப்பார்கள். நல்ல காரியம். 400-ம் ரேங்க்காரனுக்கு அதில் பங்கில்லை.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியை நிறுத்தி முழு நேரம் ஆட விடலாமா? (திருச்சி)

வேண்டாம். சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அமெரிக்கக் கல்லூரி சாம்பியன் பட்டத்தை இரண்டு முறை வாங்கினார். அப்புறம்தான் 62-ம் ரேங்க் வந்தது.

சென்னையின் ராம்குமார் ராமநாதன் ஒரு தடவைகூட கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் மெயின் டிராவில் (அந்த 128 பேரில் ஒருவராக) ஆடவில்லையே, அப்புறம் என்ன சாதனை? (கோவை)

சரி, இதற்குத்தான் காத்திருந்தேன். அவரது உச்ச ரேங்க் 111. 2017-ல் அன்டால்யாவில் டொமினிக் தீமைத் தோற்கடித்தார், தீம் அப்போது உலகின் முதல் பத்தில் ஒருவர். 2018-ல் அமெரிக்காவின் நியூபோர்ட் ஏடிபி போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்தார். கிராண்ட்ஸ்லாம் தகுதிச் சுற்றுக்கு 20 தடவைக்கும் மேல் போய்வந்தார். 2021 விம்பிள்டனில் கடைசித் தகுதிச் சுற்றில் ஐந்து செட் ஆடித் தோற்றார். உலகத்தில் 110 பேர்தான் உங்களைவிட மேல் என்றால் உங்கள் ஆபீஸில் என்ன சொல்வார்கள்?

(மறுபடி கோவை) பிரஜ்னேஷ் குணேஸ்வரனும் அதே சென்னைதானே? அவர் 75-ம் ரேங்குக்கு வந்தாரே?

வந்தார். 2019-ல் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் மெயின் டிரா ஆடினார். அவர் பெரியவர் என்பதால் இவர் தோற்றுப்போனவர் ஆகிவிடுவாரா?

(சேலம்) கோவைக்காரர் சொல்வது சரிதான். கிரிக்கெட்டில் 111-வது ஆளை யாருக்குத் தெரியும்?

கிரிக்கெட்டில் 111-வது ஆளுக்கு வாரியம் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும், ரூம் போட்டுக் கொடுக்கும், ரஞ்சி ஆடினால் மேட்ச் சம்பளம் தரும். இங்கே தோற்றவன்தான் அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுக்கணும். ராம்குமார் அப்புறம் இரட்டையரில் போபண்ணாவோடு 2022-ல் அடிலெய்ட், புனே இரண்டிலும் பட்டம் வாங்கினார். ஆசிய விளையாட்டில் சாகேத் மைனேனியோடு இரட்டையர் வெள்ளி. கோவை, சேலம் இரண்டு பேரும் இத்தோடு விடுங்கள்.

இன்ஸ்டாகிராமில் யாரோ ‘ஒரு செட் மட்டும் விட்டுக்கொடு’ என்று 2,000 டாலர் தருவதாகச் சொல்கிறார்கள். (ஊர் வேண்டாம்)

பதில் போடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து உடனே ஐடிஐஏ-வுக்கு (டென்னிஸில் சூதாட்ட ஊழலை விசாரிக்கும் அமைப்பு) அனுப்புங்கள். புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். பெல்ஜியத்தில் ஒரே கும்பல் 180-க்கும் மேற்பட்ட பிளேயர்களை இப்படித்தான் வளைத்தது. தலைவனுக்கு 2023-ல் ஐந்து வருஷம் சிறை. ஆட்டத்தைத் தோற்கச் சொல்ல மாட்டார்கள், ஒரு செட், ஒரு கேம் என்று சின்னதாகத்தான் ஆரம்பிப்பார்கள். முழு ஆட்டத்தையும் ஜெயித்துக்கொள்ளலாம் என்பதால் மனசும் ஒத்துக்கொள்ளும். மாட்டினால் ஆயுள் தடை வரை போகும்.

மகள் பத்தாம் வகுப்பு, பள்ளியை...? (நெல்லை)

மேலே திருச்சி.

ஜோகோவிச் என்ன சாப்பிடுகிறார்? (வேலூர்)

அவர் ரேங்க் 400 இல்லை.

வீட்டை அடமானம் வைத்து ஸ்பெயின் அகாடமிக்கு அனுப்பலாமா? பள்ளி பிறகு பார்த்துக்கொள்ளலாம். (கரூர்)

கூடாது. பள்ளியும் கூடாது, வீடும் கூடாது. இதை இனி யார் கேட்டாலும் பதில் இல்லை.

சென்னையில் எம்15 நடந்தால் பார்க்க டிக்கெட் உண்டா? (தாம்பரம்)

நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் நடக்கும்போது பெரும்பாலும் சும்மாவே உள்ளே விடுவார்கள். தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பந்து உங்கள் பக்கம் உருண்டுவந்தால் திருப்பிப் போடுங்கள், இந்த மட்டத்தில் பல இடங்களில் பால் பாய் கிடையாது.