தொடரைக் கேலி செய்யும் ரசிகர் குறும்படம்: குறைந்த செலவில் எடுப்பது எப்படி?

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். பல ஆண்டுகளாக விரும்பிப் பார்த்துவரும் ஒரு விண்வெளித் தொலைக்காட்சித் தொடரை அன்போடு கேலி செய்து குறும்படம் எடுக்க நினைக்கிறோம். ஒரு கைப்பேசியும் சொற்பப் பணமும்தான் இருக்கின்றன. அரங்கமும் உடையும் மலிவானவை என்பது தெரியாமல் மறைப்பது எப்படி? சட்டச் சிக்கல் வருமா?

பதில்: மலிவை மறைக்க முயல வேண்டாம். மறைப்பதற்குப் பணம் வேண்டும், அது உங்களிடம் இல்லை. எர்னி ஃபோசீலியஸ் 1978இல் எடுத்த ‘ஹார்ட்வேர் வார்ஸ்’ என்ற பகடிக் குறும்படத்தில் இஸ்திரிப் பெட்டியும் டோஸ்டரும் விண்கலங்களாகப் பறக்கின்றன. அது தொடரையன்றித் திரைப்படம் ஒன்றைக் கேலி செய்தது என்றாலும் அதன் உத்தி உங்களுக்கும் பொருந்தும். இஸ்திரிப் பெட்டியை உண்மையான விண்கலமாகவே அந்த உலகம் ஏற்றுக்கொள்வதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. உங்கள் நடிகர்களில் ஒருவர் “இது அட்டைதானே” என்பதுபோல் ஓரக்கண்ணால் கேமராவைப் பார்த்துவிட்டால் அந்தச் சிரிப்பு அங்கேயே செத்துவிடும்.

ஆகவே, காசு கேட்காத ஒன்றில், அதாவது மூலத் தொடரின் நடையைத் துல்லியமாகப் பிடிப்பதில், உங்கள் உழைப்பைக் கொட்டுங்கள். ஒரு எபிசோடை ஒலியை அணைத்துவிட்டும், இன்னொன்றைத் திரையைப் பாராமல் காதால் மட்டும் கேட்டும், எந்த இடத்தில் இசை ஏறுகிறது, விளம்பர இடைவேளைக்கு முன் எவ்வளவு நேரம் நாயகனின் முகத்திலேயே கேமரா நிற்கிறது என்று குறிப்பெடுங்கள்.

1966இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் கலம் தாக்கப்படும் காட்சியைப் பாருங்கள். கேமரா ஒருபுறம் சாய, நடிகர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் உடலைச் சாய்த்துத் தள்ளாடுவார்கள். உங்களில் ஒருவர் கேமராவுடன் நின்று “ஒன்று, இரண்டு, இடது” என்று எண்ணட்டும். எடிட்டிங்கில் அவர் குரலை நீக்கிவிட்டு வெடிச்சத்தத்தைச் சேர்த்துவிடலாம். மூவர் கச்சிதமாக இடப்பக்கம் சாய, நான்காமவர் மட்டும் அரை நொடி தாமதித்து வலப்பக்கம் சாயட்டும். அதை எவரும் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது. மூவரின் சாய்வு பிசகாமல் இருந்தால்தான் நான்காமவரின் பிசகு நகைச்சுவையாகும். எல்லோரும் தாறுமாறாக விழுந்தால், ஒத்திகை போதவில்லை என்றே பார்ப்பவர் நினைப்பார்.

கையில் இருக்கும் பணத்தை ஒலிக்குச் செலவிடுங்கள். படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்பவர்கள்கூட வசனம் புரியாவிட்டால் பொறுப்பதில்லை. சட்டைக் காலரில் மாட்டும் சிறிய மைக் போதும். ஆனால் அலுமினியத் தாளில் உடை தைத்துவிடாதீர்கள். மூச்சு விட்டாலும் அது சரசரக்கும், அந்தச் சத்தத்தை வசனத்திலிருந்து பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஃபோம் ஷீட்டில் வெள்ளி வண்ணம் அடித்தால் சத்தமே வராது. மின்விசிறியின் ஓசையைப் பதிவுசெய்து, வேகத்தைக் குறைத்து, காட்சி முழுவதும் மெலிதாக ஓடவிட்டால் அது கலத்தின் எஞ்சின் ரீங்காரமாகிவிடும். ஷாட்டுக்கு ஷாட் மாறும் அறையின் ஒலியையும் அதுவே மூடிவிடும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. வணிக நோக்கமுள்ள பகடியும் நியாயமான பயன்பாடாக (அதாவது, உரிமையாளரின் அனுமதியின்றியே பதிப்புரிமைச் சட்டம் ஏற்கும் பயன்பாடாக) அமையலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. ஆனால் பகடி மூலப்படைப்பைப் பற்றியே ஏதேனும் சொல்ல வேண்டும் என்பது அதன் அடிப்படை. பிரிட்டனில் 2014 முதல் பதிப்புரிமைச் சட்டத்தில் பகடிக்கெனத் தனி விலக்கு உண்டு. உங்கள் தொடரின் உரிமையாளர் ரசிகர் படங்களுக்கு விதிமுறை வெளியிட்டிருக்கிறாரா என்று முதலில் தேடுங்கள். 2016இல் ‘ஸ்டார் டிரெக்’ உரிமையாளர்கள் வெளியிட்ட விதிகளின்படி, ஒரு கதை 15 நிமிடங்களைத் தாண்டக் கூடாது, இரு பகுதிகளாக எடுத்தால் மொத்தம் 30 நிமிடங்கள். பங்கேற்பவர்களுக்கு ஊதியம் கூடாது. படத்தால் வருமானம் ஈட்டவும் கூடாது. பணம் வாங்காவிட்டால் எதுவும் செய்யலாம் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. மூலத் தொடரின் காட்சித் துண்டுகளையும் முகப்பு இசையையும் அப்படியே எடுத்தாளாதீர்கள். பாடலின் மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமை என இரண்டு இருக்கின்றன. வீடியோத் தளங்கள் பிறர் படைப்பைத் தாமாகவே கண்டுபிடிக்கும் தானியங்கிக் கண்டறிதலில் முதலில் சிக்குவதும் இசைதான்.

நீளத்தைப் பொறுத்தவரை, பத்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். பின்லாந்து ரசிகர்கள் 2005இல் இணையத்தில் இலவசமாக வெளியிட்ட முழுநீளப் பகடியான ‘ஸ்டார் ரெக்: இன் த பிர்க்கினிங்’ முடிய ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆயின, அதே குழுவினர் சிறுசிறு பகடிகளை 1992 முதலே எடுத்துக் கை பழகியவர்கள். உங்கள் கதையை உரக்கப் படித்து நேரம் பாருங்கள், பன்னிரண்டு நிமிடம் வந்தால் இரண்டு காட்சிகளை வெட்டிவிட்டுப் படப்பிடிப்புக்குக் கிளம்புங்கள்.