பூநாரைக்குப் போன் போதுமா?

கேள்வி: பழவேற்காடு ஏரிக்குப் பூநாரை வந்திருக்கிறது. என்னிடம் 50 மெகாபிக்சல் போன் உள்ளது. எடுத்தால் வெள்ளைப் பொட்டாகத்தான் தெரிகிறது. கேமரா வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், ஆரம்பாக்கம்

பதில்: போனில் கோளாறில்லை, தூரம்தான் படுத்துகிறது. பூநாரை சுமார் 120 செ.மீ. உயரம். கரையிலிருந்து 200 மீட்டரில் மேய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போனின் மெயின் கேமரா 24 மி.மீ. லென்ஸுக்குச் சமம். 50 மெகாபிக்சல் என்று போட்டிருந்தாலும் வழக்கமாக நாலு பிக்சலை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத்தான் சேமிக்கும். அதில் பறவையின் கால் முதல் தலை வரை 17 பிக்சல் தேறும். பொட்டாகத் தெரியாமல் என்ன செய்யும்? 5எக்ஸ் டெலி லென்ஸ் (ஐந்து மடங்கு கிட்டே காட்டுவது) உள்ள போனில் 80 சொச்சம். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் (போனைவிடப் பெரிய சென்சார் உள்ளது) 400 மி.மீ. லென்ஸ் மாட்டினால் 600 பிக்சல். அலகின் வளைவு அப்போதுதான் தெரியும். போனில் 30எக்ஸ் வரை இழுப்பது இருக்கிற பிக்சலைப் பெருக்குவதுதான். மீதியைப் போன் ஊகித்து வரைந்துகொள்ளும்.

செலவழிக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். யாரிடமாவது எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 பைனாகுலர் இரவல் வாங்கி டிரைபாடில் நிறுத்துங்கள். கண் வைக்கும் பக்கத்தில் போன் லென்ஸை நேராகப் பொருத்துங்கள். சுற்றிலும் கறுப்பு வளையம் வந்தால் போனில் 2எக்ஸ் வையுங்கள். பறவை 130 பிக்சலுக்கு வந்துவிடும். இனம் கண்டுபிடிக்க அது போதும், சுவரில் மாட்டி வைக்கப் போதாது.

காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். அதற்குமேல் தண்ணீரின் மேல் கானல் கிளம்பினால் லட்ச ரூபாய் லென்ஸிலும் பறவை நெளியும். சூளூர்ப்பேட்டை – ஸ்ரீஹரிகோட்டா சாலை ஏரி நடுவே போகிறது. ஓரமாக நிறுத்தி எடுப்பதானால் கார் இன்ஜினை அணைத்துவிடுங்கள், அதிர்வில் படம் கலங்கும். ஜன்னல் விளிம்பில் ஒரு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டிப் போட்டு, லென்ஸை அதன்மேல் வையுங்கள். இறங்கி நடந்தால் கூட்டம் பறந்துவிடும்.

கேள்வி: பாறசாலையில் தங்கை கல்யாணம். தம்பி புதுப் போன் வாங்கியிருக்கிறான், போட்டோகிராபரே வேண்டாம் என்கிறான். நம்பலாமா?
– வாசகி, களியக்காவிளை

பதில்: மருதாணி, பந்தி, சொந்தபந்தம் எல்லாம் தம்பி எடுக்கட்டும், நன்றாகவே வரும். தாலி கட்டும் நேரத்தை மட்டும் அவரிடம் விடாதீர்கள். மண்டப வெளிச்சத்தில் ஆட்டோவில் விட்டால் போன் ஷட்டரை 1/30 நொடிக்கு இறக்கும், கை அசைந்தால் முகம் கலங்கும். நைட் மோட் இன்னும் மோசம்: பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவதால் அட்சதை போடும் கை பேய்க்கை மாதிரி இரட்டையாக விழும். போட்டோகிராபரின் பிளாஷ் கூரையில் பட்டுத் திரும்பி அந்தக் கணத்தை உறைய வைக்கும். போனின் எல்இடி இரண்டு மீட்டர் தாண்டாது.

தம்பி எடுத்தே தீருவேன் என்றால் புரோ மோடில் (எல்லாவற்றையும் நாமே வைப்பது) ஷட்டரை 1/100 நொடியில் வைக்கச் சொல்லுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். இதற்குப் பொருந்தாத வேகம் வைத்தால் சில எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். போர்ட்ரெயிட் மோட் வேண்டாம். பின்னணி மங்கலைப் போன் கணக்குப் போட்டுச் சேர்ப்பதால் ஜிமிக்கிக்கும் மல்லிகைச் சரத்துக்கும் ஓரம் வெட்டுப்படும். ஆல்பத்துக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

கேள்வி: பாலருவியில் தண்ணீர் பால்போல் இழைய வேண்டும். போனில் முடியுமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: முடியும். ஐபோனில் லைவ் போட்டோ எடுத்து ‘லாங் எக்ஸ்போஷர்’ ஆக்குங்கள். பாறையில் சாய்த்து வைத்து, மூன்று நொடி டைமர் போடுங்கள். கேமராவில் ஒளி நுழையும் துளையை எஃப்/16-க்குச் சுருக்கலாம், போனில் பெரும்பாலும் அது நிலையானது. அதனால் வெயிலில் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) இல்லாமல் ஷட்டர் இறங்காது. சாரல் லென்ஸில் பட்டால் வேட்டி முனையால் தேய்க்காதீர்கள், மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.