டி.சி. வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் சரக்கு வேன் ஓட்டுகிறேன், மனைவி தையல் வேலை செய்கிறார். இருவருக்கும் சேர்த்து மாத வருமானம் ரூ. 26,000, வீட்டுச் செலவு ரூ. 19,000. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கும் மகள், பத்தாம் வகுப்பில் 471 மதிப்பெண் எடுத்து அதே பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள். ஐ.ஐ.டி.யில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. பள்ளியில் ஜூன் முதல் இயற்பியல் ஆசிரியர் இல்லை. ஒரு தனியார் பயிற்சி நிறுவனத்தில் ரூ. 1,44,000 கட்டணத்தை 24 தவணைகளில் 'வட்டியில்லாமல்' கட்ட ஒப்புக்கொண்டு, மூன்று தவணை கட்டியிருக்கிறோம். இப்போது என் மைத்துனர், டி.சி. வாங்கி ஒரு தனியார் விடுதிப் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறார். இரண்டு ஆண்டுக்கு ரூ. 4,40,000. அவள் படிப்புக்காக ஏற்கெனவே இரண்டு முறை அடகுக்குப் போய், சென்ற மாதம் மீட்ட எட்டுப் பவுனை மூன்றாவது முறையாக வைத்தால் மூன்று லட்சம் கிடைக்கும். மீதியை அவர் கைமாற்றாகத் தருகிறாராம். செய்யலாமா ஐயா?

பதில்: டி.சி. வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் மருத்துவத்துக்கு 2020-லும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021-லும் சட்டமான 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. அதில் ஐந்து ஆண்டுகளை உங்கள் மகள் முடித்துவிட்டாள். எஞ்சிய இரண்டைத் தனியார் பள்ளியில் கழித்தால் அந்த ஐந்தும் வீண். அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் பட்டப்படிப்புச் செலவையும் ஏற்பதாக மாநில அரசு அறிவித்திருக்கிறது. புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் அரசுப் பள்ளிப் படிப்பை வைத்தே வருவது. நான்கு ஆண்டில் அதுவே ரூ. 48,000. இவ்வளவையும் விட்டுக்கொடுக்க நீங்கள் கையிலிருந்து ரூ. 4,40,000 கட்டப்போகிறீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது 'மூன்றாவது முறையாக' என்ற சொல்தான். படிப்பைப் பற்றிப் பயம் வரும்போதெல்லாம் நகைப் பெட்டியைத் திறக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் வந்துவிட்டது. மூன்று லட்சத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மாத வட்டி மட்டும் ரூ. 3,000. செலவு போக உங்களிடம் மிஞ்சும் ரூ. 7,000-இல் பயிற்சித் தவணைக்கு ரூ. 6,000 போய்விடுகிறது. ஆகவே மாதம் ரூ. 2,000 துண்டு விழும். மைத்துனரின் கைமாற்றை இதில் நான் சேர்க்கவே இல்லை. இரண்டு ஆண்டில் ரூ. 72,000 வட்டி கட்டிய பிறகும் அசல் அப்படியே நிற்கும். அவளுக்கு எந்தக் கல்லூரியிலும் இடம் உறுதியாகியிருக்காது.

சேர்க்கைக்குப் பின் வாங்கும் கடன் வேறு ரகம். ஐ.ஐ.டி.யில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு ரூ. 2 லட்சம், குடும்ப ஆண்டு வருமானம் ஒன்று முதல் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. உங்கள் வருமானம் ரூ. 3,12,000 என்பதால், அரசு உதவி எதுவுமே வராது என்று வைத்தாலும் ஆண்டுக்குச் சுமார் ரூ. 67,000-உம் விடுதி, உணவுச் செலவும்தான். அதற்கு 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் பிணையும் ஜாமீனும் இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்கும். நாலரை லட்சத்துக்குள் வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளின் தொழிற்படிப்புக் கடனுக்கு, படிப்புக் காலத்து வட்டியையும் அரசே ஏற்கிறது.

இனி அந்த 'வட்டியில்லாத் தவணை'. நீங்கள் அனுப்பிய ரசீது நகலின் அடியில், பொடி எழுத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. பயிற்சி நிறுவனம் தன் பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் கட்டிக்கொண்டிருப்பது உங்கள் பெயரிலுள்ள தனிநபர் கடன். நுழைவுத் தேர்வு வைத்து அறுபது சதவீதம் 'உதவித்தொகை' தந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் ஏதோ ஒரு சதவீதம் தரும் அந்த ஏற்பாட்டின் மீது எனக்கு மரியாதை இல்லை. மகளுக்கு அந்த வகுப்புகள் பயன்படவில்லையென்றால் விலகுவதாக எழுத்தில் கொடுங்கள். இடையில் விலகுவோருக்கு எஞ்சிய காலத்துக் கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவரை கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் சிபில் மதிப்பெண் சரிந்தால், நாளை கல்விக் கடனுக்கு இணைக் கடன்தாரராக நீங்கள் கையெழுத்துப் போடும்போது வங்கி மேலாளர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

இயற்பியல் ஆசிரியர் இல்லாதது உண்மையான குறை. அதற்குத் தனி வழி தேட வேண்டும். மாவட்டத்திலுள்ள அரசு மாதிரிப் பள்ளிக்கு மாற வாய்ப்பு உண்டா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அதுவும் அரசுப் பள்ளி என்பதால் ஒதுக்கீட்டு உரிமை போகாது. இல்லையென்றால் ஊரில் இயற்பியல் முடித்த ஒருவரிடம் மாதம் ரூ. 2,000-க்குள் வார இறுதி வகுப்பு ஏற்பாடு செய்யலாம். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு ஜே.இ.இ. மத்திய அரசின் 'சாத்தி' (SATHEE) இணையதளத்தில் அதற்குப் பயிற்சி இலவசம். தமிழ் வழி மாணவிக்கு ஓர் எச்சரிக்கை: முதல் கட்டமான ஜே.இ.இ. மெயின் வினாத்தாள் தமிழில் உண்டு, ஐ.ஐ.டி.க்கு எழுத வேண்டிய அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. எனவே என்.சி.இ.ஆர்.டி. ஆங்கிலப் புத்தகத்தை இப்போதே பழகட்டும். ஐ.ஐ.டி. மட்டுமே இலக்கு என்று இருக்கவும் வேண்டாம். மெயின் தேர்வின் மூலமே சேர்க்கை நடக்கும் திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டவருக்கு.

மைத்துனர் அக்கறையில்தான் பேசுகிறார். அவர் தர நினைக்கும் ரூ. 1,40,000-ஐ இரண்டு ஆண்டுக்கு அஞ்சலகத்தில் அவர் பெயரிலேயே வைப்பு வைக்கச் சொல்லுங்கள், சம்மதிக்கிறாரா பாருங்கள். கலந்தாய்வில் இடம் ஒதுக்கியதும் சில நாள்களுக்குள் சேர்க்கை உறுதித் தொகை கட்ட வேண்டும். வங்கிக் கடன் அவ்வளவு விரைவில் கைக்கு வராது. எட்டுப் பவுனுக்கு உண்மையான வேலை அப்போதுதான் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு அடகு வைத்து, கடன் வந்ததும் மீட்டுவிடலாம்.